விலாவுக்குக் கீழே ஒரு தலை

ஏழாம் மாதத்திலிருந்தே என் வலது விலாவுக்குக் கீழே கெட்டியாக ஒரு உருண்டை இருந்தது. அழுத்தினால் நழுவிப் போகும், கையை எடுத்ததும் திரும்ப வந்து நிற்கும், தண்ணீரில் அமுக்கிய பந்து மாதிரி. அது குழந்தையின் பின்பக்கம் என்று நான் முடிவு செய்திருந்தேன். தலை கீழே, புட்டம் மேலே என்றுதான் நான் படித்த இடத்திலெல்லாம் படம் போட்டிருந்தார்கள். என் குழந்தை மட்டும் வேறு மாதிரி இருக்கும் என்று எனக்கு ஏன் தோன்ற வேண்டும்? வேலை சென்னைக் கம்பெனியில், உட்கார்ந்திருப்பது விழிதியூரில் அம்மா வீட்டில். அலுவலகக் கூட்டங்களில் பேச என் முறை வராதபோதெல்லாம் கேமராவில் தெரியாமல் அந்த உருண்டையைத் தட்டிக்கொண்டிருப்பேன். போக்கிரி, பின்னாடியைத் தூக்கிக் காட்டுகிறாயா என்று மனசுக்குள் திட்டுவதுகூட உண்டு.

ஒன்பதாம் மாதம் பிறந்ததும் எடுத்த ஸ்கேனில் டாக்டர் அந்த உருண்டையின் மேல் கருவியை வைத்து நிறுத்தினார். திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இதாம்மா தலை" என்றார்.

எனக்கு முதலில் வந்தது சிரிப்பு. இரண்டு மாதமாக ஒரு மண்டையைத் தட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். பக்கத்தில் நின்ற அம்மா சிரிக்கவில்லை. தலை மேலே இருந்தால் பிள்ளை உள்ளே நின்றுகொண்டிருக்கிறதா என்று கேட்டாள். நிற்கவில்லை, காலை மடக்கி உட்கார்ந்திருக்கிறது, சம்மணம் போட்ட மாதிரி என்று டாக்டர் திரையில் காட்டினார். அம்மா கொஞ்ச நேரம் அந்தச் சாம்பல் நிறக் குழப்பத்தை உற்றுப் பார்த்தாள்.

"எப்பங்க எந்திரிக்கும்?"

டாக்டர் பொறுமைசாலி. இன்னும் நாள் இருக்கிறது, நிறையக் குழந்தைகள் கடைசி வாரங்களில் தானாகவே குப்புறக் கவிழ்ந்து தலையைக் கீழே கொண்டுவந்துவிடும் என்றார். நான் விடவில்லை. வயிற்றின் மேல் கையை வைத்தே குழந்தையைத் திருப்பிவிடுகிறார்களாமே, அதை எனக்குச் செய்யலாமா, எந்த வாரத்தில் செய்வது, வலிக்குமா என்று அடுக்கினேன். இதையெல்லாம் எங்கே படித்தாய் என்று அவர் கேட்கவில்லை. எல்லோரும் படித்துவிட்டுத்தான் வருகிறார்கள் போலிருக்கிறது. எனக்கு நச்சுக்கொடி வயிற்றின் முன்பக்கச் சுவரில் ஒட்டியிருப்பதால் வெளியிலிருந்து அழுத்தித் திருப்பும் வேலைக்குத் தான் கை வைக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டார். தானாகத் திரும்பினால் சுகப்பிரசவம். திரும்பாவிட்டால் ஆபரேஷன். அதற்குப் பிறகு அவர் குரல் மாறியது.

"ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்க. நடுவுல தண்ணி ஒடஞ்சா நடக்காத. படுத்தபடியே வா. தலை கீழ இருந்தா அது ஒரு மூடி மாதிரி அடைச்சுக்கும். காலு கீழ இருந்தா எடம் இருக்கும், அந்த எடத்துல தொப்புள்கொடி முன்னாடி வழுக்கி வந்துரும்."

கொடி வெளியே வந்து நசுங்கினால் குழந்தைக்கு மூச்சு இல்லை. இதை அவர் சொல்லவில்லை, எனக்கே தெரியும். தெரியாமல் இருந்திருக்கலாம்.

ஆட்டோவில் திரும்பும்போது பாலம் தாண்டி நிரவி ஊர் வந்தது. அம்மா வெளியே பார்த்தபடியே, "நீ பொரண்டு பொரண்டு படுத்ததுதான்" என்றாள்.

எங்கள் பக்கத்தில் வயிற்றுப் பிள்ளைக்காரி படுத்த வாக்கிலேயே மறுபக்கம் புரளக் கூடாது. எழுந்து உட்கார வேண்டும், உட்கார்ந்து திரும்பி, பிறகுதான் அடுத்த பக்கம் படுக்க வேண்டும். புரண்டால் பிள்ளைக்குக் கொடி சுற்றிக்கொள்ளும் என்பார்கள். வளைகாப்பு முடிந்து அம்மா வீட்டுக்கு வந்த அன்றே இதை எனக்குச் சொல்லிவிட்டார்கள். நானோ மடிக்கணினியை ஒரு தலையணையிலும் என்னை மூன்று தலையணையிலும் சாய்த்துக்கொண்டு நாள் முழுக்க இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உருண்டுகொண்டிருந்தேன். நான் புரள்வதற்கும் உள்ளே அது உட்காருவதற்கும் சம்பந்தமில்லை என்று ஆட்டோவிலேயே விளக்க ஆரம்பித்தேன். அம்மா, சரி, நீ படிச்சவ, என்று முடித்துக்கொண்டாள். அன்றிலிருந்து மதியத் தூக்கத்துக்கு என் பக்கத்திலேயே உட்கார்ந்து காவல் காத்தாள். நான் லேசாகத் தோளை அசைத்தாலே, "எந்திரி, எந்திரிச்சுத் திரும்பு" என்பாள்.

நான் சும்மா இருக்கும் ஜாதி இல்லை. என் வேலையே மென்பொருளில் பிழை கண்டுபிடிப்பது. ஒரு பிழை கிடைத்தால் அது சரியாகும்வரை அதைச் சுற்றியே வந்துகொண்டிருப்பேன். கூடத்துச் சோபாவில் முழங்காலை ஊன்றி, கையைத் தரையில் வைத்து, தலை கீழே தொங்க, இடுப்பு மேலே இருக்க நின்றேன். அப்படி நின்றால் குழந்தை இடுப்பெலும்பிலிருந்து கொஞ்சம் மேலே நகரும், நகர்ந்தால் திரும்ப இடம் கிடைக்கும் என்று ஒரு வீடியோவில் சொல்லியிருந்தார்கள். சத்தம் வரும் பக்கம் தலை போகும் என்று படித்து, அடிவயிற்றில் செல்போனை வைத்துப் பாட்டு போட்டேன். குளிர்ச்சியிலிருந்து தலை விலகும் என்று படித்து, ஐஸ் கட்டியைத் துண்டில் சுற்றி விலாவுக்குக் கீழே வைத்தேன். ஐஸைப் பார்த்ததும் அம்மா பறித்துக்கொண்டு போய்விட்டாள். பிள்ளை தும்மிக்கொண்டே பிறக்கப்போகிறது என்றாள்.

ஒரு நாள் நான் சோபாவில் தலைகீழாக நின்றுகொண்டிருந்தபோது அப்பா வயலிலிருந்து வந்துவிட்டார். வாசலில் நின்று பார்த்தார். கொல்லைப்பக்கம் சுற்றிக்கொண்டு போய் அந்த வழியாக வீட்டுக்குள் வந்தார். மகள் வயிற்றைத் தூக்கிக்கொண்டு நிற்பதைப் பற்றி ஒரு அப்பா என்ன பேச முடியும்?

புதுச்சேரியில் இருந்த என் கணவர் தினமும் சாயங்காலம் போனில் ஒரே கேள்வி கேட்பார், திரும்பிருச்சா என்று. நானும் விக்கலை வைத்துப் பதில் சொல்லுவேன். குழந்தைக்கு அடிக்கடி விக்கல் வரும். சின்னச் சின்னத் துடிப்பாக, ஒரே சீராக. விக்கல் எங்கே துடிக்கிறதோ அதை ஒட்டித்தான் தலை. ஒவ்வொரு நாளும் விக்கல் விலாவுக்குக் கீழேதான் வந்தது. இல்லை, இன்னும் உட்கார்ந்துதான் இருக்கிறது என்பேன். அவர் வருத்தத்தைக் காட்டிக்கொள்ளாமல், உன் பிள்ளைதானே, சொன்னால் கேட்குமா என்பார்.

பிரசவ வலியை அனுபவிக்க வேண்டும் என்று நான் ஆசைப்பட்டேன் என்றால் யாரும் நம்பமாட்டார்கள். மூச்சுப் பயிற்சி, உட்காரும் விதம், வலியின் கட்டங்கள் எல்லாவற்றையும் பரீட்சைக்குப் படிப்பதுபோல் படித்து வைத்திருந்தேன். ஹால் டிக்கெட் வாங்கியபிறகு பரீட்சை ரத்து என்றால் எப்படி இருக்கும்? அதற்கும் அடியில் வெறும் பயமும் இருந்தது. கத்தி என்றாலே எனக்குப் பயம்.

அடுத்த ஸ்கேனிலும் அதே சம்மணம். டாக்டர் நாட்காட்டியைப் பார்த்து, வருகிற திங்கட்கிழமை ஆபரேஷன் வைத்துக்கொள்ளலாம் என்றார். அதற்குமேல் தள்ளினால் வலி தானாக வந்துவிடும் என்ற கணக்கு.

வீட்டுக்கு வந்து சொன்னதும் அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு திருமலைராயன்பட்டினம் போய்விட்டு வந்தார். அங்கே அவருக்குத் தெரிந்த ஜோசியர் இருக்கிறார். திங்கள் கேட்டை, செவ்வாய் மூலம், புதன் பூராடம், மூன்றும் வேண்டாம். வியாழக்கிழமை உத்திராடம், காலை ஒன்பதிலிருந்து பத்தரைக்குள் என்றால் ராஜ ஜாதகம். இதுதான் அவர் கொண்டுவந்த சேதி.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. எங்கள் அப்பா விதை விடுவதற்குக்கூட நாள் பார்க்கிறவர் இல்லை. வாய்க்காலில் தண்ணீர் வருகிற நாள்தான் அவருக்கு நல்ல நாள். இதற்கு மட்டும் என்ன புதுப் பழக்கம், நானெல்லாம் பிறந்தபோது யார் நாள் குறித்தார்கள் என்று சத்தம் போட்டேன். அவர் கோபப்படவில்லை.

"நீ தானா பொறந்த. அது சாமி குடுத்த நேரம், நல்லதோ கெட்டதோ நம்ம கையில இல்ல. இது நாம குறிக்கிற நேரம்மா. நாளைக்கு அந்தப் புள்ளைக்கு ஒண்ணுன்னா நாமதான பதில் சொல்லணும்?"

ஜோசியத்தை நான் நம்பவில்லை, ஆனால் அவர் சொன்னதில் ஓட்டை இல்லை. என் கணவரிடம் சொன்னேன்; நான் சொல்லும் முன்பே அப்பா மூலம் அவர் வீட்டில் தெரிந்திருந்தது. மாமியார் வியாழக்கிழமையே நல்லது என்று சொல்லிவிட்டாராம். டாக்டர்தான் மறுப்பார் என்று நம்பியிருந்தேன். அவரும் கொஞ்சம் யோசித்துவிட்டு வியாழக்கிழமைக்குச் சம்மதித்தார். போனை ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் அடுத்து அவர் சொன்னதை எல்லோருமே கேட்டோம்: அதற்குள் வலி வந்தாலோ தண்ணி உடைந்தாலோ நான் பஞ்சாங்கம் பார்க்கமாட்டேன்.

"சரிங்க டாக்டர்" என்றார் அப்பா, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி.

நேரம் குறித்ததும் வீட்டில் ஒரு மாற்றம் வந்தது. குழந்தை திரும்பிவிட்டதா என்று யாரும் கேட்பதில்லை. அதற்குள் அது உத்திராட நட்சத்திரக் குழந்தை ஆகிவிட்டது. மகர ராசியா தனுசு ராசியா என்று அப்பாவும் என் மாமனாரும் போனில் பேசிக்கொண்டார்கள். பெயர் எந்த எழுத்தில் தொடங்க வேண்டும் என்பதுவரை போயாயிற்று. நான் மட்டும் ஆள் இல்லாத நேரம் பார்த்துச் சோபாவில் ஏறித் தலைகீழாக நின்றேன். ஞாயிற்றுக்கிழமை அம்மா பார்த்துவிட்டாள்.

"இனிமே எதுக்குடி இந்த வித்த? நேரம் குறிச்சாச்சுல்ல. இப்பப் போயி திரும்பித் தொலச்சிச்சுன்னா என்னா பண்றது?"

சொன்ன பிறகு அவளுக்கே அது எப்படியோ இருந்திருக்க வேண்டும். என்னைப் பார்க்காமல் சமையல்கட்டுக்குள் போனாள்.

டாக்டர் சொன்ன திங்கட்கிழமை வந்து போனது. அன்று முழுவதும் நான் கட்டிலைவிட்டு இறங்கவே யோசித்தேன். கால் இடுக்கில் வியர்த்தால்கூடத் தண்ணிதானோ என்று தொட்டுப் பார்த்தேன். இருமவில்லை, தும்மலை அடக்கினேன். குழந்தை உள்ளே காலை நீட்டினால் அது எந்தக் கதவை உதைக்கிறது என்று யோசித்தேன். நான்தான் டாக்டரிடம் போய் நின்று, வியாழக்கிழமை வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும் என்று ஒரு பக்கம். இன்னும் மூணு நாள்தானே என்று இன்னொரு பக்கம். அந்த மூணு நாளுக்குள் கொடி ஒரு முழம் வழுக்கினால் போதுமே.

செவ்வாய்க்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டு இடதுபக்கமாகப் படுத்திருந்தேன். பங்குனி வெயில். மின்விசிறி அனலைத்தான் சுற்றிவிட்டுக்கொண்டிருந்தது. அப்பா உளுந்து அறுவடைக்குப் போயிருந்தார். அம்மா பக்கத்தில் உட்கார்ந்தபடியே கண்ணயர்ந்துவிட்டாள்.

முதலில் ஒரு பெரிய உதை, இடது பக்கம், இதுவரை உதையே வராத இடத்தில். எழுந்து உட்கார்ந்தேன். அப்புறம் வயிறே ஒரு பக்கமாகச் சாய்ந்தது. போர்வைக்குள் ஒரு ஆள் புரண்டால் போர்வை எப்படி மேடும் பள்ளமுமாக நகருமோ, அப்படி என் நைட்டிக்கு அடியில் வயிறு நகர்ந்தது. விலாவுக்குக் கீழே இருந்த உருண்டை என் கைக்கு அடியிலேயே வழுக்கிப் பக்கவாட்டில் போவதை உணர்ந்தேன். வலி என்று சொல்ல முடியாது. மாடிப்படியில் ஒரு படி குறைவாக இருந்து கால் காற்றில் இறங்கினால் வயிற்றுக்குள் ஒன்று ஆகுமே, அது நிற்காமல் நீண்டுகொண்டே போனால் எப்படியோ அப்படி. மூச்சு வாங்கியது. சத்தம் போடக்கூட வரவில்லை. பிறகு எல்லாம் அடங்கியது.

விலாவுக்குக் கீழே கை வைத்தேன். உருண்டை இல்லை. மெத்தென்று ஏதோ இருந்தது.

திரும்பிவிட்டது! எனக்குக் குதிக்க வேண்டும்போல் இருந்தது. அம்மாவை எழுப்பக் கையை நீட்டியவள் நிறுத்தினேன். விக்கல் வரட்டும், அல்லது ஒரு உதை கீழிருந்து மேலே வரட்டும், உறுதி செய்துகொண்டு சொல்லலாம். காத்திருந்தேன்.

ஒன்றும் வரவில்லை.

தட்டிப் பார்த்தேன். வழக்கமாகத் தட்டினால் பதிலுக்கு ஒரு நெளிவாவது இருக்கும். எழுந்துபோய்ச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு இடதுபக்கம் படுத்தேன். இனிப்பு உள்ளே போனால் குழந்தை அசையும் என்று டாக்டரே சொல்லியிருந்தார். இல்லை. விரலால் அழுத்தினேன். இல்லை.

அம்மா விழித்துக்கொண்டு, நான் தட்டுவதைப் பார்த்து, பிள்ளை தூங்கும் என்றாள். நான் நடந்ததைச் சொன்னேன். நம்பாமல் என் விலாவைத் தொட்டுப் பார்த்தாள். அவள் முகத்தில் சந்தோஷமும் இல்லை, ஏமாற்றமும் இல்லை. "புள்ள அசையுதா?" என்று மட்டும் கேட்டாள்.

"இல்லம்மா. திரும்பும்போது கொடி எங்கியாவது மாட்டியிருந்தா?"

அந்தக் கேள்வியை நான் வாய்விட்டுக் கேட்டிருக்கக் கூடாது. அம்மாவின் கை என் விலாவிலேயே நின்றுவிட்டது. அப்புறம் போனைத் தேடினாள்.

அப்பா வந்தபோது தலையிலும் புருவத்திலும் உளுந்துத் தூசி. அம்மா சொல்லச் சொல்ல வாசற்படியிலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். என்னிடம், கொஞ்சம்கூட அசையவில்லையா என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் கண் சுவரில் மாட்டியிருந்த தினசரி நாட்காட்டிக்குப் போய்த் திரும்பியது. அதை நான் பார்த்தேன். நான் பார்த்ததை அவரும் பார்த்தார்.

"இப்ப போனா ஒடனே அறுத்துருவாங்களேம்மா. இன்னைக்கி மூலம்" என்றார். குரல் கெஞ்சுவதுபோல் இருந்தது, யாரிடம் என்றுதான் தெரியவில்லை.

அம்மா வாயைத் திறந்தாள். அவளுக்கு முன்னால் நான் பேசிவிட்டேன்.

"நேரம் குறிக்கிறதுக்குப் புள்ள வேணும்ப்பா."

இவ்வளவு கடுமையாக நான் அவரிடம் அதற்கு முன் பேசியதில்லை. அவர் திரும்பி, செருப்புகூடப் போடாமல் தெருவுக்கு ஓடினார். மூன்றாவது வீட்டு ஆட்டோக்காரர் சாப்பாட்டுக்கு வந்திருந்த நேரம். கை கழுவிக்கூட முடிக்காமல் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

ஆட்டோவின் பின்சீட்டில் அம்மா மடியில் தலை வைத்துக் காலை மடக்கிப் படுத்தேன். அப்பா முன்னால் டிரைவர் பக்கத்தில் ஒண்டிக்கொண்டார். ரோட்டில் ஊரே உளுந்துச் செடியைப் பரப்பிக் காயப் போட்டிருந்தது. போகிற வண்டியெல்லாம் ஏறி மிதித்தால் காய் உடைந்து உளுந்து உதிரும். எங்கள் ஆட்டோவும் அதன் மேல்தான் ஏறிப் போனது. சக்கரத்துக்கு அடியில் நொறுங்கும் சத்தமும் வண்டியின் வழுக்கலும் என் முதுகில் தெரிந்தன. பார்த்துப் போப்பா என்றாள் அம்மா. வேகமாகப் போ என்றார் அப்பா. டிரைவர் இருவருக்குமே தலையாட்டினார்.

கணவருக்குப் போன் போட்டேன். நடந்ததைச் சொன்னேன். பஸ் ஸ்டாண்டுக்குப் போகிறேன், போனை வைக்காதே என்றார். நானும் வைக்கவில்லை. அவர் நடக்கிற சத்தமும் புதுச்சேரித் தெருவின் ஹாரனும் என் காதில் கேட்டுக்கொண்டே இருந்தன. நிரவி தாண்டியது. பாலத்தில் ஏறும்போது ஒரு லாரிக்குப் பின்னால் வண்டி ஊர்ந்தது. நான் ஒரு கையை வயிற்றில் வைத்து, அசை, அசை என்று சொல்லிக்கொண்டிருந்தேன். சொல்லிக்கொண்டே, இதுவரை படித்ததையெல்லாம் எண்ணிப் பார்த்தேன். இந்தக் கட்டத்துக்கு என்ன செய்வது என்று எங்கும் படித்ததாக ஞாபகம் வரவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் வேறொரு பிரசவத்தில் இருந்தார். நர்ஸ் என்னைப் படுக்க வைத்து, வயிற்றில் ஜில்லென்று களிம்பைத் தடவி, கையில் பிடிக்கும் சின்ன மிஷினை எடுத்தார். அதை வைத்தால் குழந்தையின் இதயத்துடிப்பு ஒலிபெருக்கியில் கேட்கும். வழக்கமாக வைக்கிற இடத்தில், தொப்புளுக்கு மேலே வலதுபுறம் வைத்தார்.

இரைச்சல். மணலை முறத்தில் புடைப்பதுபோல் இரைச்சல் மட்டும்.

கொஞ்சம் நகர்த்தினார். மெதுவான ஒரு துடிப்பு கேட்டது, அது என்னுடையது. இன்னும் கொஞ்சம் நகர்த்தினார். களிம்பை இன்னும் போட்டார். அம்மா சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். நர்ஸ் முகத்தில் எதையும் காட்டவில்லை. டாக்டரைக் கூப்பிடுகிறேன் என்று மிஷினை எடுக்கப் போனார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் சொல்லவே இல்லை. வந்ததும் அசையவில்லை, அசையவில்லை என்றேனே தவிர, திரும்பியதை அவரிடம் யாருமே சொல்லவில்லை.

"சிஸ்டர், கீழ வைங்க. தொப்புளுக்குக் கீழ."

பதட்டப்படாதீங்கம்மா என்றார் அவர். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"மத்தியானம் திரும்பிருச்சு சிஸ்டர். அங்க இல்ல அது. கீழ வைங்க."

அவர் ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டு மிஷினை அடிவயிற்றுக்குக் கொண்டுபோனார், இடது பக்கம். இரைச்சல். கொஞ்சம் சாய்த்தார். அதற்குள்ளிருந்து, யாரோ தையல் மிஷினை மூச்சுவிடாமல் மிதிப்பதுபோல், வேகமாக, ஒழுங்காக, உரக்க வந்தது சத்தம். அறை முழுக்க அதுதான். அம்மா சுவரைப் பார்த்தபடியே உட்கார்ந்துவிட்டாள், தரையில். என் காதோரம் இருந்த போனில் கணவர், அது என்ன சத்தம், அது என்ன சத்தம் என்று கேட்டுக்கொண்டிருந்தார். நர்ஸ்தான் போனை வாங்கி, உங்க புள்ளதாங்க என்றார்.

டாக்டர் வந்து இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துப் பார்த்தார், ஸ்கேனும் எடுத்தார். தலை கீழே. கொடி கழுத்தில் இல்லை, தண்ணீர் போதுமான அளவு இருந்தது. இவ்வளவு பெரிய வேலை செய்துவிட்டு அயர்ந்து கிடக்கிறது, நச்சுக்கொடி முன்னால் இருப்பதால் சின்ன அசைவு உனக்கு எட்டாது என்று விளக்கினார். அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே என் விலாவில் ஒரு உதை விழுந்தது. இந்தமுறை உதைத்தது கால்.

அப்பாவை உள்ளே கூப்பிட்டுச் சொன்னார்கள். அவர் காலில் செருப்பு இல்லாததை நர்ஸ் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா எல்லாவற்றையும் கேட்டு முடித்துவிட்டு, "அப்ப வியாழக்கெழம?" என்றார்.

"வியாழக்கெழம வீட்டுல இருக்கட்டுங்க" என்றார் டாக்டர். "வலி வந்தா வரட்டும்."

"மறுபடியும் ஒக்காந்துக்கிட்டா?" என்றார் அப்பா.

பெரும்பாலும் உட்காராது என்றார் டாக்டர். உட்காரவே உட்காராது என்று அவர் சொல்லாததை நான் கவனித்துவிட்டேன்.

அதனால் எனக்கு அடுத்த பயம் ஆரம்பித்தது. முன்பு அதைத் திருப்புவதற்குத் தலைகீழாக நின்றவள், இப்போது நேராக நடப்பதற்கே அஞ்சினேன். குனியவில்லை. சோபா பக்கம் போகவில்லை. படுத்தால் எழுந்து உட்கார்ந்துதான் மறுபக்கம் திரும்பினேன். அம்மா அதைப் பார்த்தும் ஒரு வார்த்தை சொல்லவில்லை; சொல்லியிருந்தால்கூடத் தேவலை. பயணச்சீட்டு எடுத்தாகிவிட்டது என்று மாமனாரும் மாமியாரும் வியாழக்கிழமை வந்துவிட்டார்கள். ராஜ ஜாதக நேரத்தில் நான் கூடத்தில் உட்கார்ந்து இட்லி தின்றுகொண்டிருந்தேன். யாரும் கடிகாரத்தைப் பார்க்காததுபோல் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பத்தரை தாண்டியதும் மாமனார் தொண்டையைச் செருமிக்கொண்டு, சரி, குழந்தைக்கு இதிலெல்லாம் இஷ்டமில்லை போல என்றார். அப்பா எழுந்து உளுந்தைப் பார்க்கப் போய்விட்டார்.

வலி எடுத்தது அதற்கடுத்த வாரத்தில் ஒரு காலை. முந்தின நாள்தான் வயிற்றுக்குள் பெரிதாக ஏதோ உருண்டிருந்தது. விலாவைத் தொட்டால் கெட்டியாக இருந்தது. அது முதுகா, தலையா, குதிகாலா என்று என்னால் சொல்ல முடியவில்லை. விக்கலும் அன்று வரவில்லை. யாரிடமும் சொல்லாமல் இரவெல்லாம் கையை வயிற்றில் வைத்தபடி இருந்தேன்.

பிரசவ அறையில் படுக்க வைத்தபோது நான் படித்த மூச்சுப் பயிற்சி ஒன்றுகூட நினைவில் இல்லை. வலி வரும்போது கட்டில் கம்பியைப் பிடித்தேன், போகும்போது விட்டேன். கணவரை வெளியே நிறுத்திவிட்டார்கள். டாக்டர் கையுறை மாட்டிக்கொண்டு, தளர்வாக விடு என்றார். எப்படித் தளர்வாக விடுவது? அவர் கை உள்ளே தேடிக்கொண்டிருந்தது. கண்ணைக் கூரையில் வைத்துக்கொண்டு, முகத்தைக் கொஞ்சம் சுளித்து, இருட்டில் சாவி தேடுகிறவர் மாதிரி. இவ்வளவு நேரம் ஏன்? காலா? காலாகத்தான் இருக்க வேண்டும். ஆபரேஷன் தியேட்டருக்குச் சொல்லுங்கள் என்று அவர் சொல்லப்போகிற வாக்கியம்வரை எனக்குக் கேட்டுவிட்டது.

"டாக்டர், என்னாது அது?"

"இரு."

வலி ஒன்று ஏறி இறங்கியது.

"டாக்டர்."

"முடி" என்றார். "நெறைய முடி இருக்கு உன் புள்ளைக்கி."

கம்பியைப் பிடித்திருந்த கை அப்போதுதான் எனக்கு வலித்தது. வெளியே யாரோ எதையோ கேட்டார்கள், கதவுக்கு அந்தப் பக்கம் அம்மாவின் குரல், அப்பாவின் குரல். எனக்கு அதைக் கேட்க நேரமில்லை, அடுத்த வலி வந்துவிட்டது.